சங்கல்பமும் அதிதியும்

மும்பை செம்பூரில் ஒரு சத்சங்கம் நிறைவுற்ற மாலை வேளை. பிரசாதம் பெற்றுக்கொண்டு அனைவரும் விடைபெற்ற பின்னரும் ஓர் அன்னை மட்டும் ஓரமாகக் காத்திருந்தார். அருகில் வந்து வணங்கிவிட்டு, தயங்கித் தயங்கிக் கூறலானார்:

"சுவாமிஜி, தியானத்தைப் பற்றித் தாங்கள் கூறியவை யாவும் கேட்பதற்கு இனிமையாக இருந்தன. ஆனால் காலை ஐந்து மணிக்கு நான் கண் விழிப்பது முதல், எட்டரை மணிக்கு என் கணவர் இரயிலைப் பிடிக்க ஓடுவது வரை எங்கள் வீட்டில் ஒலிப்பது என் குரல் ஒன்றுதான். அதுவும் கோபக் குரல். பிள்ளையின் சீருடை உலர்ந்திருக்காது. தோசைமாவு முந்தைய இரவே தீர்ந்திருக்கும். கட்ட வேண்டிய கட்டணச் சீட்டு கண்ணில் படாது. விளக்கேற்றும்போதும் என் மனம் அடுப்பின்மீதே இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கும் ஆன்மிகம் உண்டா?"

அந்த அன்னையின் கண்கள் கலங்கியிருந்தன. இக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று. டில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் எத்தனையோ இல்லங்களில் நாள்தோறும் வாய்விட்டுக் கேட்கப்படாமலேயே எழும் கேள்வி இது. ஆகவே இதனை இம்மாதச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

சங்கல்பத்தின் பொருள்

நாம் எந்தப் பூஜையைத் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்துகொள்கிறோம். ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் ஆகியவற்றைக் கூறி, இன்ன இடத்தில், இன்ன நோக்கத்துடன், இன்ன வழிபாட்டைச் செய்யப்போகிறேன் என்று உறுதிகொள்கிறோம். இறைவனுக்கு இன்று என்ன கிழமை என்பது தெரியாதா? தெரியும். சங்கல்பம் நமக்காகவே ஏற்பட்டது. நாற்புறமும் சிதறிக் கிடக்கும் மனத்தை ஓர் இடத்தில், ஒரு பொழுதில், ஒரு செயலில் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் பயன்.

பூஜைக்குச் சங்கல்பம் செய்கின்ற நாம், இல்லத்தின் காரியங்களுக்கு அதைச் செய்வதில்லை. "நாளை என்ன சமையல்?" என்ற கேள்வி இன்று இரவு பத்து மணிக்கு எழுகிறது. விடை கிடைக்காமல் உறங்கச் செல்கிறோம். முடிவு செய்யப்படாத காரியம் கடன் கொடுத்தவனைப் போன்றது. மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டும். ஜபமாலையைக் கையிலெடுக்கும் வேளையிலும் தட்டும். முடிவு செய்து ஏட்டில் எழுதிவைத்த காரியமோ தன் நாள் வரும்வரை அமைதியாகக் காத்திருக்கும். உழைப்பு களைப்பைத் தருவது இயல்பே. ஆனால் நம்மைப் பெரிதும் களைப்படையச் செய்வது, செய்யாத வேலைகளை நாள் முழுதும் மனத்தில் சுமந்து திரிவதே ஆகும்.

திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒரு செயலைத் தொடங்குமுன் ஐந்தினை ஐயமற எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறார். கையிலுள்ள செல்வம், உதவுகின்ற கருவி, ஏற்ற பொழுது, செய்யவேண்டிய செயல், செய்யும் களம் ஆகியனவே அவை. பொருட்பாலில் அரசியலைச் சார்ந்து கூறப்பட்ட இவ்வறிவுரை, ஓர் இல்லத்தரசியின் சமையலறைக்கும் எள்ளளவும் குறையாமல் பொருந்துகின்றது.

சமையலறையே இதற்குச் சான்று பகரும். காலையில் இட்டிலி வேண்டுமானால், முந்தைய நாள் நண்பகலிலேயே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்கவேண்டும், மாலையில் அரைபட்டிருக்கவேண்டும், இரவெல்லாம் மாவு பொங்கவேண்டும். டில்லியின் ஜனவரிக் குளிரில் இன்னும் முன்னதாகவே தொடங்கவேண்டும். தயிருக்கு இரவே உறை ஊற்றவேண்டும். காலையில் எழுந்து எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் ஊறாத உளுந்து அரைபடாது. காலத்திற்கு மதிப்பளித்தவர்க்கே காலம் கனியும் என்பதை அந்த மாவுப் பாத்திரம் அன்றாடம் உபதேசிக்கிறது.

கிழமைகள் வகுத்த ஒழுங்கு

வாரந்தோறும் இல்லப் பணிகளை முறைப்படுத்திக்கொள்வது நமக்குப் புதியதன்று. வியாழன் மாலையில் விளக்குகளைத் துலக்கி, வெள்ளியன்று வீட்டைக் கழுவிக் கோலமிட்டுத் திருவிளக்கேற்றுவது நம் பாட்டியர் கண்ட முறை. எண்ணெய் நீராட்டுக்கு ஆடவர்க்கு இன்ன கிழமை, மகளிர்க்கு இன்ன கிழமை என்று வகுத்திருந்தனர். இவற்றை வெறும் ஆசாரம் என்று எண்ணிவிடலாகாது. எந்த வேலையை எப்போது செய்வது என்று அன்றாடம் புதிதாய்ச் சிந்திக்கவேண்டிய சுமையை இவ்வொழுங்கு இறக்கிவைத்தது.

ஒடிசாவில் மார்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமைகள் மிகவும் புனிதமானவை. அன்று இல்லத்தைத் தூய்மை செய்து, அரிசிமாக் கரைசலால் கோலமிட்டு, அளக்கும் படியில் புதுநெல்லை நிரப்பி மகாலட்சுமியை வழிபடுவர். பலராம தாசர் ஒடிய மொழியில் இயற்றிய லட்சுமி புராணத்தை அன்று படிப்பர். அந்தப் புராணத்தில், வியாழனன்று ஊரை வலம் வரும் அன்னை லட்சுமி, செல்வர்களின் வீடுகள் துப்புரவின்றிக் கிடக்கக் காண்கிறாள். ஊரின் ஓரத்திலே, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஸ்ரீயா என்னும் பெண்ணின் குடிசையோ மெழுகப்பட்டுக் கோலத்துடன் விளங்குகிறது. அன்னை அங்கேயே நுழைகிறாள். அதன் பொருட்டுக் கோயிலைவிட்டே விலக்கப்படுகிறாள். அவளை விலக்கிய ஜகந்நாதரும் பலபத்திரரும் உணவின்றிப் பல்லாண்டு அலைந்து, இறுதியில் அவளது வாயிலிலேயே வந்து உண்கின்றனர்.

இக்கதை நமக்கு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. இறையருள் செல்வத்தையோ குலத்தையோ பார்ப்பதில்லை. ஆயத்தமாக இருக்கும் இடத்தையே பார்க்கிறது. அடுத்தது, இல்லத்தைப் பேணுபவளை மதியாத இடத்தில் தெய்வமேயானாலும் பசித்திருக்க நேரும்.

சிறு ஒழுங்கு வாரந்தோறும் தவறாமல் தொடருமானால் எத்தகைய பயனை விளைவிக்கும் என்பதற்கு ஆசாரிய வினோபா பாவே ஓர் எடுத்துக்காட்டு. 1932-ஆம் ஆண்டு அவர் துலே சிறையில் இருந்தார். பிப்ரவரி 21 முதல் ஜூன் 19 வரை, ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயமாக, உடனிருந்த கைதிகளுக்குக் கீதையைப் பற்றி உரையாற்றினார். பதினெட்டு ஞாயிறுகள், பதினெட்டு அத்தியாயங்கள். சானே குருஜி அவற்றை எழுதிக்கொண்டார். பாரத மொழிகள் பலவற்றிலும் இன்று படிக்கப்படும் கீதைப் பேருரைகள் இவ்வாறு தோன்றியவையே. சிறைச்சாலையில் இயன்றது நம் இல்லத்தில் இயலாதா?

ஞாயிறு மாலையில் கால் மணி நேரம்

அந்த அன்னைக்கு நான் கூறிய வழி எளியது. ஞாயிறு மாலை விளக்கேற்றிய பின், கால் மணி நேரம் குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமரவேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வரும் ஏழு நாட்களுக்கான சமையலை எழுதிக்கொள்ளவேண்டும். அதற்கேற்ப வாங்கவேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். துணி துவைக்க இரண்டு நாட்கள், கடைக்குச் செல்ல ஒரு நாள், கட்டணங்களையும் காகிதங்களையும் பார்க்க ஒரு நாள் என்று ஒதுக்கவேண்டும். வீடு முழுவதையும் ஒரே நாளில் தூய்மை செய்ய முயன்று சோர்வடையாமல், நாளுக்கு ஓர் அறை என்று பகுத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்தினேன். ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர் இருக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் எதிரில் ஒரே பெயர் இருத்தல் ஆகாது. தன் சீருடையைத் தானே மடித்துவைக்கும் சிறுவனும், காய்கறி நறுக்கித் தரும் கணவரும் இல்லறம் என்னும் வேள்வியில் பங்கு கொள்பவர்கள். வேள்வியின் பயனை மட்டும் பெற்றுக்கொண்டு அதன் உழைப்பை ஒருவர் தலையில் சுமத்துவது தருமமன்று.

மூன்று மாதங்கள் கழித்து அந்த அன்னையை மீண்டும் காண நேர்ந்தது. இல்லத்தில் காலைக் கூச்சல் அடங்கிவிட்டது என்றார். பத்து நிமிடமாவது அமைதியாக ஜபம் செய்ய முடிகிறது என்றார். ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. காரணம் கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏட்டில் எழுதியபடி வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, கணவரின் பெரியம்மா சொல்லாமல் வந்துவிட்டாராம். முதியவர், டோம்பிவிலியிலிருந்து புறப்பட்டு, குர்லாவில் இரயில் மாறி வந்தவர். "இன்றைக்கு என்று பார்த்து வந்தீர்களே, பெரியம்மா!" என்று இந்த அன்னையின் வாய் தவறிச் சொல்லிவிட்டது. முகமும் சுளித்துவிட்டது. அந்த முதியவர் ஒரு குவளை நீர் மட்டும் அருந்திவிட்டு, "சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் அம்மா" என்று கூறி உடனே புறப்பட்டுவிட்டார். சொல்லும்போதே அன்னையின் குரல் உடைந்தது. "ஒழுங்கு வந்தது சுவாமிஜி, ஆனால் அன்பு போய்விட்டதே" என்றார்.

நான் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "தாயே, பிழை தங்களுடையது மட்டுமன்று. பாதியை மட்டும் சொல்லியனுப்பிய என்னுடையதும்தான்" என்றேன். விடுபட்ட அந்த மறுபாதியையே இப்போது உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

திதி இல்லாதவர்

விருந்தினருக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அதிதி. இன்ன திதியில் வருவேன் என்று அறிவியாமல் வருபவர் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவது மரபு. சங்கல்பத்தில் நாம் திதியைக் குறிப்பிடுகிறோம்; அதிதியோ திதிக்குக் கட்டுப்படாதவர். இவ்விரண்டையும் ஒருங்கே போற்றியது நம் தருமம். திட்டமே இல்லாத வீட்டில் அதிதிக்கு அளிக்க ஒன்றும் இராது. திட்டமே தெய்வமாகிவிட்ட வீட்டில் அதிதிக்கு இடமே இராது.

ஓர் இல்லம் இயங்கும்போது நம்மையறியாமலே சிற்றுயிர்கள் மடிகின்றன என்று தருமசாத்திரம் கூறும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் அவ்வாறு உயிர்கள் துன்புறும் இடங்கள். அதற்குக் கழுவாயாகவே இல்லறத்தானுக்கு ஐந்து மகாயக்ஞங்கள் விதிக்கப்பட்டன. மறைநூல் ஓதுதல், தேவர்களை வழிபடுதல், முன்னோரைப் போற்றுதல், பிற உயிர்களுக்கு உணவிடுதல், விருந்தினரை உபசரித்தல் என்பன அவை. அடுப்பும் துடைப்பமும் கொண்டு நாம் இயற்றும் ஒழுங்கு முழுவதும் இந்த ஐந்தையும் நிறைவேற்றுவதற்கே என்பது இதனால் விளங்கும். விருந்தினரை வருந்தச் செய்து இல்லத்தை ஒழுங்காக வைத்திருப்பது, மூர்த்தியை வெளியே நிறுத்திவிட்டுக் கோயிலைக் கழுவுவது போலாகும்.

ஆகவே வார ஏட்டில் ஒரு மாலைப் பொழுதை எதுவும் எழுதாமல் விட்டுவையுங்கள். அந்த வெற்றிடம் இறைவனுக்கு உரியது. அவன் விருந்தினராக வரலாம். காய்ச்சலில் படுத்த குழந்தையாக வரலாம். துயரத்தைச் சொல்லி அழ வந்த அண்டை வீட்டுப் பெண்ணாகவும் வரலாம். யாரும் வாராவிடில், அதுவே நம் ஓய்வுக்கும் ஜபத்திற்கும் அவன் அளித்த பிரசாதம்.

எழுதாமல் விட்ட மாலையில்தான் அவன் வருவான் என்று சொல்வதற்கில்லை. எழுதிவைத்த நாளிலேயே வந்து நம் ஏட்டைக் குலைத்தாலும், மனம் குலையாதிருக்கப் பழகவேண்டும். பற்றற்று, உறுதியும் ஊக்கமும் உடையவனாய், காரியம் கைகூடினும் கூடாவிடினும் மாறுபாடு அடையாதவனே சாத்துவிகமான கர்த்தா என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது. திட்டமிடுவது நம் கடமை. அது அவ்வாறே நடந்தேறவேண்டும் என்பது நம் உரிமையன்று. ஞாயிறு மாலையில் ஏட்டை எழுதி முடித்ததும் அதனைப் பூஜையறையில் வைத்து, "இறைவா, இது உன்னுடைய வாரம். இதில் நீ எதை மாற்றினாலும் முகம் சுளிக்காத மனத்தை எனக்குத் தா" என்று வேண்டிக்கொள்ளுங்கள். அப்போது அந்த ஏடே அர்ச்சனை மலராகும். இல்லப் பணி கர்மயோகமாகும்.

அந்த அன்னை மறுநாளே கணவருடனும் மகனுடனும் டோம்பிவிலிக்குச் சென்றாராம். தாம் செய்த பாயசத்தைப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, பாதம் பணிந்து மன்னிப்பு வேண்டினாராம். முதியவர் பழையதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "சர்க்கரை கொஞ்சம் குறைவு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாராம். அன்று முதல் அவர்கள் வீட்டு ஏட்டில் வெள்ளி மாலை வெறுமையாகவே விடப்படுகிறது. பெரும்பாலான வெள்ளிகளில் அந்த முதியவரே வருகிறார்.

அன்பர்களே, வரும் ஞாயிறு மாலையிலேயே தொடங்குங்கள். ஆறு நாட்களுக்கு எழுதுங்கள். ஒரு மாலையை விட்டுவையுங்கள். உங்கள் இல்லங்களில் ஒழுங்கும் அன்பும் ஒருங்கே தழைக்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!