அச்சமும் கல்வியும்

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் நாவில் இன்றும் வழங்கும் பழமொழி. பிள்ளைகளின் கல்விக்கும் இதனையே விதியாகக் கொள்வோர் நம்மிடையே பலர். இவ்விதி அறத்திற்கும் அறிவிற்கும் ஒத்ததுதானா என்று ஆராய்வோம்.

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் துணையுடன் கால்நடை வளர்ப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. பசு வளர்ப்போர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: மிரண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் இருந்தும் அச்சம் அதனைத் தடுத்துவிடுகிறது. மாட்டிற்கே பொருந்தாத பழமொழியை மக்கட்குப் பொருத்துவது எங்ஙனம்?

அம்மலைச்சரிவுகளில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். லயத்தில் அவன் பேசுவது தமிழ். வகுப்பில் ஒலிப்பது மலையாளமோ ஆங்கிலமோ ஆயின், விடை தெரிந்தும், பிறர் நகைப்பரோ என்று வாய் திறவான். அவனை மந்தன் என்று முடிவு கட்டுதல் முறையாகுமா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாடம் சொல்லத் தகாதவர் யாவர் எனக் கூறுகிறது. சோம்பலுடையோன், சினமுடையோன் ஆகியோருடன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுவோனும் அங்கே விலக்கப்படுகிறான். இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அந்நூலே ஆசிரியனுக்கும் கடமை வகுக்கிறது. அவன் அவசரமும் கோபமும் இன்றி, இன்முகத்துடன், மாணவன் ஏற்கும் வகையறிந்து கற்பித்தல் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், மாணவனை விலக்குமுன் அவனுடைய அச்சத்தை விளைத்தவர் யார் என்று கேட்பதே நீதி என்பது விளங்கும்.

உணர்ச்சியை அறிவிற்குப் பகையாகக் கருதியோர் உண்டு. ஆனால் கவனமும் நினைவும் உணர்ச்சியோடு பின்னிப் பிணைந்தவை என்று இம்மோர்டினோ-யாங், டமாசியோ ஆகிய அறிஞர் இருவர் 2007-இல் எழுதிய கட்டுரை வலியுறுத்துகிறது. 1956-இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மாநிலங்கள் வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கலாம். பிள்ளையின் உள்ளத்தைத் திறப்பது அன்பு ஒன்றே.

கண்டிப்பே கூடாது என்பது நம் கருத்தன்று. அன்புடையார் கண்டித்தால் பிள்ளை திருந்தும். வெறுப்புடன் கண்டித்தால் பொய் சொல்லவே பழகும். மதிப்பெண் குறைந்து வரும் நாளில், 'ஏன் குறைந்தது?' என்று சினக்குமுன், 'எதைக் கண்டு அஞ்சினாய்?' என்று வினவுவோமாக. பிழைக்க வந்த மண்ணில் நம் பிள்ளைகள் அஞ்சாது பேசுதற்குரிய இடம் நம் இல்லமே. அவ்விடத்தையும் அச்சத்திற்கு நாம் விட்டுக்கொடுத்தல் ஆகாது.