அண்டாவில் வெந்த பிரசாதம்

மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குப் பக்கம் வடக்கம்பட்டி. முனியாண்டி சுவாமி கோயில் ஆண்டு விழாவில், நேர்ந்துவிட்ட கிடாயும் சேவலும் அரிசியோடு பெரிய அண்டாக்களில் விறகடுப்பில் வேகும். சாமிக்குப் படைத்தபின் வந்தவர் எல்லாருக்கும் பிரியாணிதான். விழாவை எடுத்து நடத்துபவர்கள் முனியாண்டி விலாஸ் உணவகக்காரர்கள்.

கறி பிரசாதமாகுமா?

வள்ளுவர் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். பெரியபுராணமோ, வாயில் அதுக்கி ருசி பார்த்த பன்றிக்கறியைச் சிவனுக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் உட்கார வைத்தது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துக் கும்பிடுகிற வீடுகள் நம்மிடம் ஏராளம். அரசும் தடுமாறியதுண்டு: 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசி தட்டியெடுத்து, 2004-இல் ரத்து செய்தது. (சேவலிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.)

வடக்கம்பட்டியில் இந்த வழக்கெல்லாம் காதில் விழுவதில்லை. அங்கே தூக்குவாளியோடு வரிசை நீள்கிறது.