பறக்காத தும்புத்தடி

பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயது வந்த இளைஞன் ஒருவன், கால்களுக்கிடையே ஒரு தடியைச் செருகிக்கொண்டு, அது தன்னை வானிலே சுமந்து செல்வதாகப் பாவனை செய்து மைதானமெங்கும் ஓடுகின்றான். கண்டவர்கள் சிரிப்பார்கள். பெற்றவர்களோ, படிக்கப் போன பிள்ளைக்கு இது தேவைதானா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும், விடை கூறுமுன் அந்த மைதானத்திலே நடப்பது என்னவென்று சற்று நின்று பார்ப்பது நல்லது.

ஜே. கே. ரோலிங் அம்மையாரின் ஹரி பொட்டர் கதைகளில் முதலாவது 1997இல் வெளிவந்தது. அக்கதைகளில் மந்திரப் பள்ளி மாணவர்கள் தும்புத்தடிகளில் ஏறிப் பறந்து ஆடும் ஆட்டத்துக்குக் குவிடிச் என்று பெயர். 2005இல், ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள மிடில்பெரிக் கல்லூரி மாணவர்கள் இதனைத் தரையிலே ஆடத் தொடங்கினர். வேடிக்கையாய்த் தொடங்கியது வேறு கல்லூரிகளுக்கும் பரவி, கடலையும் கடந்தது. 2016இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவுஸ்திரேலியா வெற்றி பெற்றது.

அணிக்கு எழுவர். காற்றுச் சிறிது குறைத்த கரப்பந்தொன்றை எதிரணியின் மூன்று வளையங்களில் ஒன்றினூடாகச் செலுத்தினால் 10 புள்ளிகள். எதிரியை எறிந்து அடிப்பதற்கென வேறு மூன்று பந்துகள் உண்டு. அடி பட்டவர் தடியிலிருந்து இறங்கி, கையிலுள்ள பந்தையும் விட்டுவிட்டு, தம் அணியின் வளையம் வரை ஓடி அதைத் தொட்ட பின்னரே மீண்டும் ஆடலாம். கதையிலே சிறகடித்துப் பறக்கும் பொன் பந்துக்குப் பதிலாக, இங்கே எந்த அணியையும் சேராத ஓட்டக்காரர் ஒருவர் மஞ்சள் உடையில் வருவார். அவரது இடுப்பின் பின்னால் ஒரு காலுறைக்குள் தொங்கும் ரெனிஸ் பந்தைப் பறித்தெடுக்க வேண்டும்.

பறக்காமலே பறப்பதாக ஆடுவது பொய் ஆகாதா? பொய் என்பது பிறரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. இங்கே ஏமாறுபவர் ஒருவருமில்லை. தடி பறக்காது என்பது ஆடுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். ஆனால், பொய் நுழையக்கூடிய வாசல் வேறொன்று உண்டு. எறிந்த பந்து ஒருவனின் சட்டையில் இலேசாக உராய்ந்து போகின்றது. மத்தியஸ்தர் காணவில்லை. எதிரே வளையம் திறந்து கிடக்கின்றது. படாதவன் போல அவன் தொடர்ந்து ஓடலாம். அல்லது இறங்கித் திரும்பிப் போகலாம். தடி பறக்கின்றது என்பது பாவனை. பந்து பட்டது என்பது உண்மை. கற்பனையான ஆட்டத்துக்குள்ளும் மனச்சாட்சி கற்பனையானதல்ல.

சரி, பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லையே என்பார் உளர். தடியை எறிந்துவிட்டு ஓடினால் இன்னும் விரைவாக ஓடலாமே! பேர்னாட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978இல் வெளியிட்ட நூலொன்றில், தேவையற்ற தடைகளை மனமுவந்து ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று விளக்கினார். கொல்வ் பந்தைக் கையாலே கொண்டுபோய்க் குழிக்குள் போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் ஆட்டமே இல்லை. தடியும் அத்தகையதே. எவரும் வற்புறுத்தாத ஒரு விதியை, தானே ஏற்றுக்கொண்டதற்காகக் கடைசிவரை காப்பது எளிதன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கும் வேண்டியது இந்தத் திடந்தானே?

இன்னுமொன்று. கதையிலே பொன் பந்தைப் பிடிப்பவனுக்கு 150 புள்ளிகள். மற்ற அறுவரின் உழைப்பையும் அந்த ஒருவனே ஒரு கணத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். கதாநாயகனுக்கு அது பொருந்தும். மெய்யாகவே வியர்வை சிந்தும் எழுவருக்கு அது பொருந்துமா? ஆடத் தொடங்கியவர்கள் அதனை 30 புள்ளிகளாகக் குறைத்தார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடும் இவ்வாட்டத்தில், ஒரே பாலினர் நால்வருக்கு மேல் களத்தில் நிற்கலாகாது என்றும் நீண்ட காலம் விதியிருந்தது. கதையைக் களத்தில் இறக்கியபோது, நீதி எது என்ற கேள்வியும் கூடவே இறங்கிவிட்டது.

2022இல் ஆட்டத்தின் பெயரே குவாட்போல் என மாற்றப்பட்டது. பழைய பெயரின் வணிக உரிமை திரைப்பட நிறுவனமொன்றிடம் இருந்ததும், பாலின அடையாளம் பற்றி ரோலிங் அம்மையார் வெளியிட்ட கருத்துகளிலிருந்து விலகி நிற்க ஆட்டத்தின் அமைப்புகள் விரும்பியதும் காரணங்களாகக் கூறப்பட்டன. கதை தந்த பெயர் போயிற்று; ஆடுபவர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு நிலைத்தது. ஆட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

விளையாட்டுக்கு எல்லை வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. மோதி வீழ்த்தும் ஆட்டம் இது. தலையில் அடிபடுவதும் உண்டு. விளையாட்டுத்தானே என்ற சொல் பிறனுடைய உடம்பை நோகச் செய்ய உரிமை தராது. அளவறிந்து விளையாடுவதை அரிஸ்டாட்டில் ஒரு நற்பண்பாகக் கொண்டார். அவரைப் பின்பற்றிய புனித தோமஸ் அக்குயினாஸ், விளையாட்டில் அளவு மீறுவதைப் போலவே, தானும் மகிழாது பிறர் மகிழ்வையும் கெடுக்கும் கடுமுகத்தையும் குறையென்றே கண்டார். பெற்றோராகிய நாம் முன்னதைக் கண்டிக்க மறப்பதில்லை. பின்னதைத்தான் நம்மிடத்தில் காண மறந்துவிடுகின்றோம்.

ஆகவே, புழுதி படிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், இதனால் உனக்கு என்ன பயன் என்று கேட்கும் முன் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்:

“ஒருவரும் காணாதபோது பந்து உன்மேல் பட்டதே, நீ திரும்பிப் போனாயா?”

“போனேன்” என்று அவன் உண்மையாய்ச் சொல்ல முடியுமானால், அந்த மாலைப் பொழுது வீணாகவில்லை.