தரவரிசையும் நீதியும்

ஒருவரை மற்றொருவருக்கு மேலாகவோ கீழாகவோ வைத்தெண்ணுதல் மனிதரிடையே பழைய வழக்கம். முன்பு அவ்வாறு மதிப்பிட்டோர் தாம் கண்டதையும் கேட்டதையும் சான்றாகக் கொண்டனர். இன்று அச்சான்றின் இடத்தைப் புள்ளிவிபரம் பெற்றுள்ளது. பரீட்சை, தொழில், கடன், விளையாட்டு ஆகிய துறைகள் பலவற்றில் ஆளுக்கோர் எண் வழங்கப்படுகிறது. அவ்வெண்ணின்படி வரிசை அமைகிறது. எண்ணைக் கொண்டு மனிதரை வரிசைப்படுத்துதல் எந்நிலையில் நியாயமாகும் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. இவ்வினாவைப் பரீட்சையிலிருந்து தொடங்கினால் அவரவர் தத்தம் பெறுபேற்றின் நினைவோடு வாதிட முற்படுவர். ஆதலின் இழப்பு மிகச் சிறியதான ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குவோம்.

கற்பனை அணியும் உண்மை வீரரும்

கற்பனை உதைபந்தாட்டம் எனப்படும் பொழுதுபோக்கில் பங்குகொள்பவர் பந்தைத் தொடுவதில்லை. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் போட்டிகளை அடிப்படையாகக் கொண்டு 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பங்குகொள்பவர் ஒவ்வொருவருக்கும் பெயரளவில் 10 கோடி பவுண் தரப்படுகிறது. அத்தொகைக்குள், உண்மையில் விளையாடும் வீரர்களிலிருந்து 15 பேரை அவர் தெரிந்தெடுத்துத் தம் அணியாக வைத்துக்கொள்கிறார். அவ்வீரர்கள் களத்தில் செய்வதற்கேற்ப அவருக்குப் புள்ளிகள் சேர்கின்றன. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இதில் பங்குகொள்கின்றனர். எந்த வீரரைத் தெரிவது என அறிய அவர்கள் புள்ளிவிபர அட்டவணைகளை நாடுகின்றனர். வீரர்கள் அனைவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

இவ்வரிசையின் அடித்தளத்தை நோக்குவோம். முன்கள வீரர் ஒருவர் அடிக்கும் கோலுக்கு 4 புள்ளி. நடுக்கள வீரருக்கு 5. பின்கள வீரருக்கு 6. பந்து வலைக்குள் செல்வது மூவர்க்கும் ஒன்றே. எனினும் பின்கள வீரர் கோல் அடித்தல் அரிது என்பதால் அவருக்குக் கூடுதல் மதிப்பு அளிக்கப்படுகிறது. இது நியாயமான ஏற்பாடே. ஆயினும் இந்த 4, 5, 6 என்னும் எண்கள் களத்திலிருந்து தாமாகக் கிடைத்தவையல்ல. விதியை வகுத்தோர் தீர்மானித்தவை.

இதனை இன்னும் தெளிவாக்கும் நிகழ்வொன்று 2025ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அதுவரை எதிரணியினரிடமிருந்து பந்தைப் பறித்தல், குறுக்கே புகுந்து தடுத்தல், ஆபத்தான இடத்திலிருந்து பந்தை அகற்றுதல் ஆகியவற்றுக்கு இவ்வாட்டத்தில் நேரடியான புள்ளி இருக்கவில்லை. 2025–26 பருவத்திலிருந்து, பின்கள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் இத்தகைய செயல்களை 10 முறை செய்தால் அவருக்கு 2 புள்ளி வழங்கப்படுகிறது. தடுப்பாளர்கள் திடீரெனத் திறமை பெற்றுவிடவில்லை. முன்பும் அவர்கள் அதே உழைப்பையே நல்கினர். அட்டவணை அதனைக் காணத் தொடங்கியது அவ்வாண்டிலேதான். ஆகவே ஓர் எண் குறைவாக இருப்பதைக் கண்டவிடத்து, உழைப்புக் குறைவா அல்லது உழைப்பைக் காணும் கண் குறைவா என்று வினவுதல் வேண்டும்.

வகுப்புப் பிரித்தலும் இத்தகையதே. லிவர்பூல் அணியின் முகமது சலா 2024–25 பருவத்தில் பிரிமியர் லீக்கில் 29 கோல்கள் அடித்தார். கற்பனை ஆட்டத்தில் அவர் பெற்ற 344 புள்ளிகள் அதுவரை எவரும் ஒரு பருவத்தில் பெறாதவை. களத்தில் வலப்புற முன்வரிசையில் ஆடும் அவர், அப்பருவத்தில் நடுக்கள வீரர் என வகைப்படுத்தப்பட்டிருந்தார். முன்கள வீரர் என வகைப்படுத்தியிருப்பின், கோல்களின் வழியாக மாத்திரம் அவருக்கு 29 புள்ளிகள் குறைந்திருக்கும். ஒருவரை எந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணுகிறோம் என்பது, அவர் என்ன செய்தார் என்பதைப் போலவே அவருடைய இடத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

நியமமாக்கப்பட்ட புள்ளி

வேறு வேறு பணி செய்வோரை ஒப்பிடுதற்குப் புள்ளிவிபரவியல் ஒரு வழியைத் தருகிறது. ஒருவர் பெற்ற எண்ணிலிருந்து அவருடைய கூட்டத்தின் சராசரியைக் கழித்து, வரும் மீதியை அக்கூட்டத்தின் நியம விலகலால் வகுப்பதே அது. முன்கள வீரர்களின் கோல் சராசரி 10 எனவும் நியம விலகல் 4 எனவும் கொள்வோம். 14 கோல் அடித்தவருக்கு 1 என்னும் பெறுமானம் கிடைக்கும். பின்கள வீரர்களின் சராசரி 2 எனவும் நியம விலகல் 1 எனவும் கொண்டால், 4 கோல் அடித்த தடுப்பாளருக்கு 2 கிடைக்கும். ஆகவே தம் கூட்டத்தில் இவரே அதிகம் உயர்ந்து நிற்பவர். இப்பெறுமானத்தையே நாம் இசட் புள்ளி என்கிறோம்.

இம்முறை அழகானது, அதே வேளை அடக்கமானது. ஒருவர் தம் கூட்டத்தில் எங்கு நிற்கிறார் என்பதை மாத்திரமே அது கூறும். அக்கூட்டத்தை ஏன் அவ்வாறு பிரித்தோம் என்பதற்கு அது விடை கூறாது. காப்பாளரையும் முன்கள வீரரையும் தனித்தனியே எண்ணுவதற்குக் காரணம் அவர்தம் பணியின் வேறுபாடு. அக்காரணத்தைத் தந்தது ஆட்டத்தைப் பற்றிய நம் அறிவு, சூத்திரம் அன்று.

எண்கள் உண்மையாக இருக்கும்போதும் அவற்றிலிருந்து கொள்ளும் முடிவு பிழைக்கலாம். பிரித்தானிய விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீப், 1950ஆம் ஆண்டு மார்ச்சில் சுவின்டன் அணியின் ஆட்டமொன்றில் தொடங்கி, நெடுங்காலம் உதைபந்தாட்டங்களைக் குறிப்பெடுத்தார். கோல்களுள் ஏறத்தாழ 80 வீதம் மூன்று அல்லது அதற்குக் குறைந்த பந்துப் பரிமாற்றங்களின் பின்னர் விளைந்தவை எனக் கண்டார். ஆதலின் பந்தை விரைந்து நெடுந்தூரம் முன்னே அனுப்புதலே சிறந்தது என வாதிட்டார். ஆனால் ஆட்டத்தில் நிகழும் பந்து நகர்வுகளுள் 90 வீதத்துக்கு மேற்பட்டவை மூன்று பரிமாற்றங்களுக்குள் முடிந்துவிடுபவையே. 90 வீதமான முயற்சிகளிலிருந்து 80 வீதமான கோல்களே விளைந்தனவெனின், எஞ்சிய நீண்ட நகர்வுகளே அதிகப் பயன் தந்தவை என்பது பெறப்படும். ரீப் எண்ணியதில் நேர்மை இருந்தது. எதனோடு ஒப்பிடுவது என்பதிலேயே பிழை நேர்ந்தது. அவருடைய கருத்து ஆங்கில உதைபந்தாட்டத்தில் பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தமை, எண்ணோடு கூடிவரும் பிழை வெறும் பிழையிலும் நீண்ட ஆயுள் உடையது என்பதை உணர்த்துகிறது.

நமது களம்

இதுவரை கூறியவை விளையாட்டைப் பற்றியவை. ஆயினும் இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் பெரும்பாலோர் இதே கணிதத்தின் வழியாகவே பல்கலைக்கழகத்துள் நுழைந்தவர்கள். 2001ஆம் ஆண்டுமுதல் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களுக்குமான இசட் புள்ளிகளின் சராசரியே அனுமதிக்கு அடிப்படையாக உள்ளது. இணைந்த கணிதத்தில் ஒருவர் பெற்ற 60ஐயும் உயிரியலில் மற்றொருவர் பெற்ற 60ஐயும் ஒன்றெனக் கொள்வது நியாயமன்று என்பதால் இம்முறை வந்தது. காப்பாளரையும் முன்கள வீரரையும் ஒப்பிட்ட அதே தருக்கம் இங்கும் தொழிற்படுகிறது.

கூட்டத்தைப் பிரிப்பது யார் என்னும் வினா இங்கே கூர்மையடைகிறது. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் எல்லையாக வைக்கப்பட்டன. 1973இல் மொழிமூலவாரியாகப் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. மொழிமூலவாரியாகத் தரப்படுத்துவோர், இரு கூட்டங்களும் உண்மையில் சமமானவை, காணப்படும் வேறுபாடு அளவையின் அல்லது வாய்ப்பின் வேறுபாடே என்னும் எடுகோளை முன்னரே ஏற்றுவிடுகின்றனர். அவ்வெடுகோள் சரியா பிழையா என்பது சான்று காட்டி வாதிடத்தக்கது. ஆனால் அது சூத்திரத்தின் உள்ளே வைக்கப்பட்டதும் வாதம் மறைந்து கணக்கு மாத்திரம் வெளியே தெரிந்தது. அக்கணக்கினால் ஒரு தலைமுறை கொண்ட மனக்காயத்தை வரலாறு அறியும்.

மறுதலையான உதாரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடவிதானத்தில் தோற்றியோரையும் புதிய பாடவிதானத்தில் தோற்றியோரையும் ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணித்தமையால் எழுந்த வழக்கில், 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை நீக்கி, இரு சாராரையும் தனித்தனியே கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. முன்னையது பிரித்ததால் எழுந்த குறை. பின்னையது பிரிக்காமையால் எழுந்த குறை. பிரிப்பதா சேர்ப்பதா என்பதற்குப் பொதுவிதி இல்லை என்பதும், ஒவ்வொரு முறையும் காரணம் காட்ட வேண்டிய கடமை உண்டு என்பதும் இவ்விரண்டாலும் விளங்கும்.

இன்று, கலைத்துறை போன்ற சில நெறிகள் நீங்கலாக, அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. இசட் புள்ளி பாடங்களின் கடினத்தைச் சரிசெய்கிறது. மாவட்டப் பங்கீடு வாய்ப்பின் வேறுபாட்டை ஓரளவு சரிசெய்ய முயல்கிறது. ஆனால் மாவட்டம் என்பது ஒரு சராசரி. வேலணைத் தீவின் சுருவில் கிராமத்து மாணவி ஒருத்தியை நினைத்துப் பார்ப்போம். 1990இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர், பலர் மீளவில்லை. மாணவர் தொகை சுருங்கிய சிறு பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் நடப்பது அரிது. அவற்றைத் தேடி ஊர்காவற்றுறைக்கோ, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகருக்கோ அவள் செல்ல வேண்டும். நெடுந்தீவு மாணவனுக்கோ இடையில் கடலும் உண்டு. எனினும் கணிப்பில் இவ்விருவரும், நல்லூரில் வகுப்பறைக்கு அருகே வசிப்பவரும் ஒரே யாழ்ப்பாண மாவட்டத்தவர். சலா நடுக்கள வீரராக எண்ணப்பட்டதனால் நன்மை பெற்றார். சுருவில் மாணவி நகரத்தவராக எண்ணப்படுவதனால் இழப்பது எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் குறிப்பதில்லை.

எண்ணின் பக்கத்து நியாயம்

இவற்றைக் கொண்டு எண்ணையே விலக்கிவிட வேண்டும் என்று கூறுதல் பொருந்தாது. எண் இல்லாத இடத்தில் நீதி குடிகொள்வதில்லை. பெரும்பாலும் சிபாரிசே குடிகொள்கிறது. நேர்முகத்தில் யாருடைய மகன், எந்தப் பாடசாலை, எவரை அறிவாய் என்னும் வினாக்களுக்கு முன்னால் சுருவில் மாணவிக்கு விடை இல்லை. விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதப்படும் இடத்தில் அவள் எவர்க்கும் சமம். செல்வாக்கற்றவர்க்கு எண் ஒரு காவல். உதைபந்தாட்டத்திலும் அவ்வாறே: பெரிய கழகத்தின் பெயரொளியில் மறைந்திருந்த சிறிய கழக வீரர்கள் பலரைப் புள்ளிவிபரம் வெளிக்கொணர்ந்துள்ளது. எண்ணை இகழ்வோர் எதனை அதன் இடத்தில் வைக்க விரும்புகின்றனர் என்று முதலில் கூறுதல் வேண்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, நிறை குறை இரண்டையும் ஆராய்ந்து ஒருவரை மதிப்பிடுமாறு கூறினார். அவ்வதிகாரம் தெரிவு செய்யப்படுபவனைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் தெரிவு செய்பவனின் பொறுப்பைப் பற்றியது. எண் அப்பொறுப்புக்குத் துணையாகலாம். அதனைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள இயலாது. ‘நான் விலக்கவில்லை, புள்ளி விலக்கியது’ என்று கூறுபவர் தம் கையால் வகுத்த விதியின் பின்னே ஒளிந்துகொள்கிறார்.

வினவும் உரிமை

அங்ஙனமாயின் விளையாட்டின் வரிசை நம்மை உறுத்தாதிருக்க, பரீட்சையின் வரிசை உறுத்துவது ஏன்? கணிதம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு வரிசைப்படுத்தப்படுபவரின் நிலையிலேயே உள்ளது. கற்பனை ஆட்டத்தின் விதிகள் பருவத்தின் முன்னரே யாவர்க்கும் அறிவிக்கப்படுகின்றன. பங்குகொள்பவர் தாமாக விரும்பிச் சேர்கிறார், விரும்பாவிடின் விலகுகிறார். இவ்வாரம் பிழைத்தால் அடுத்த வாரம் திருத்தலாம். தடுப்பாளருக்குப் புள்ளியில்லை என்னும் குறை ஒருநாள் விதியாகவும் மாறுகிறது. தரவரிசையில் தாழ்ந்த வீரருக்கோ அதனால் களத்தில் ஒரு நிமிடமும் குறைவதில்லை. பரீட்சை எழுதுபவர் அவ்வாறு விலகிக்கொள்ள முடியாது. அவருக்கு உள்ள வாய்ப்பு மூன்று முறை மாத்திரமே. விளைவு வாழ்நாள் முழுவதற்கும் உரியது. நான்காம் தசம தானத்தில் வரும் வேறுபாடு ஒருவரை மருத்துவ பீடத்துக்கும் மற்றொருவரை வேறொரு திசைக்கும் அனுப்புகிறது. அத்தானத்தில் இருவருடைய அறிவுக்கும் வேறுபாடு உண்டென எந்தப் புள்ளிவிபரவியலாளரும் துணிந்து கூறார். இடங்கள் குறைவு என்பதால் எங்கேனும் கோடு கிழிக்க வேண்டியுள்ளது, அவ்வளவே.

ஆகவே தரவரிசை ஒன்றின் நியாயம் அதன் கணித நுட்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. எதை அளந்தோம், எதை அளக்காது விட்டோம், எந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணினோம், ஏன் என்பவற்றை, அவ்வெண்ணால் கட்டுப்படுபவர் வினவவும் விடை பெறவும் வழி இருத்தல் வேண்டும். விளைவு கடுமையாகும் அளவுக்கு அவ்வழியும் அகலமாதல் வேண்டும். 2012இல் மாணவர்கள் நீதிமன்றத்தின் வாயிலில் நின்று பெற்றது இவ்வழியையே. எழுபதுகளில் இல்லாது போனதும் இதுவே.

இதிலிருந்து பல்கலைக்கழகத்துள் இருக்கும் நமக்கு இரு கடமைகள் பிறக்கின்றன. உள்ளே வந்தோர் தம் இசட் புள்ளியைத் தம் மதிப்பென்று கொள்ளாதிருத்தல் ஒன்று; அது ஒரு குறித்த ஆண்டில், ஒரு குறித்த கூட்டத்தில், ஒரு குறித்த வினாவுக்குக் கிடைத்த விடை. நாளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் பிறரை வரிசைப்படுத்தும் இடத்தில் அமரும்போது, அட்டவணையைத் திறக்குமுன் அதில் இடம்பெறாத நிரல் எது என்று கேட்டல் மற்றொன்று. சுருவில் போன்ற ஊர்களின் மைதானங்களில் மாலைதோறும் ஆடுவோரை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. அளக்கப்படாதவர்கள் என்பதால் அவர்கள் குறைந்தவர்கள் ஆகிவிடார்.