கட்சியும் கொள்கையும்: உடைமை யாருக்கு?

ஒரு கட்சியின் பெயரைக் கேட்டதும் ஒரு கொள்கை நம் மனத்தில் எழுகின்றது; ஒரு கொள்கையைக் கூறியதும் அதற்குரிய கட்சியின் நிறமும் சின்னமும் கண்முன் தோன்றுகின்றன. இப்பிணைப்பு எவ்வாறு உண்டாகின்றது? முதலிற் கூறியவருக்கே கொள்கை உரியது என்று நாம் எண்ணக்கூடும். இலங்கையின் மொழிப் பிரச்சினையை நோக்குவோமாயின் அவ்வெண்ணம் பிழையென்பது புலனாகும்.

சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமெனும் பிரேரணையை 1944 இல் அரசாங்க சபையில் முன்வைத்தவர், பிற்காலத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவரான ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆவார். தமிழையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்துடனேயே அது நிறைவேறிற்று. மறுபுறத்தில், 1951 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தோற்றுவித்த ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, இரு மொழிகளும் அரசகரும மொழிகளாதல் வேண்டும் என்றே தொடக்கத்திற் கூறியது. 1955 இல் தனிச் சிங்களத்துக்கு மாறியது. 1956 பெப்ரவரியில், களனி மாநாட்டில், ஐக்கிய தேசியக் கட்சியும் அதனையே ஏற்றது. ஆகவே ஏப்ரில் மாதத் தேர்தலின்போது இரு பெருங் கட்சிகளின் மொழிக்கொள்கையும் ஒன்றே. ஆயினும் பண்டாரநாயக்கா தலைமை தாங்கிய மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைப் பெற, ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களுடன் வீழ்ந்தது.

வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உள. எனினும், கொள்கை ஒன்றாயினும் அதன்மேல் எழும் நம்பிக்கை ஒன்றன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1954 இல் யாழ்ப்பாணத்தில் சம அந்தஸ்துக்கு உறுதி கூறிய பிரதமர் கொத்தலாவலையின் புதிய சொல்லைச் சிங்கள வாக்காளர் ஐயுற்றதில் வியப்பில்லை. பண்டாரநாயக்காவும் மாறியவரே. ஆனால் அவருக்குப் பின்னே பிக்குமாரும், சுதேச வைத்தியரும், சிங்கள ஆசிரியரும் நின்றனர். ஆங்கிலத்தின் மேலாண்மையால் தாழ்த்தப்பட்டிருந்த அவர்களுக்கு மொழி வாழ்வுப் பிரச்சினை. கட்சி கொள்கையைத் தேர்ந்தது என்பதிலும், குறையுற்றோர் கட்சியைத் தேர்ந்தனர் என்பதே பொருந்தும்.

கொள்கையை உடைமையாக்கிக்கொண்ட கட்சி விரைவில் அதன் உடைமையாகிவிடுகின்றது. 1957 ஜூலையிற் பண்டாரநாயக்கா செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். அதனை எதிர்த்து அவ்வாண்டு ஒக்டோபரிற் கண்டிக்கு யாத்திரை தொடங்கியவர் அதே ஜயவர்த்தனா. 1958 ஏப்ரிலில், தம்மைப் பதவியில் ஏற்றிய பிக்குமாரின் நெருக்குதலால், பண்டாரநாயக்கா அவ்வொப்பந்தத்தைக் கைவிட்டார். எந்தக் குரல் அவரை உயர்த்தியதோ அக்குரலே அவரது கையைக் கட்டிற்று.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து என்பது 1956 இல் லங்கா சமசமாஜக் கட்சியின் அடையாளமாக விளங்கிற்று. வாக்கு இழப்பை அறிந்தும் அது அன்று அந்நிலையில் நின்றது. 1964 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியுடன் அரசாங்கத்திற் சேர்ந்த பின் அவ்வடையாளம் மங்கிற்று. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1972 அரசியலமைப்பை ஆக்கும் பணிக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர், அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. கட்சி கைவிட்டபோது தென்னிலங்கையில் அந்த நியாயத்துக்குக் குரல்கொடுக்கப் பெருங் கட்சி எதுவும் எஞ்சவில்லை.

இங்கேதான் ஒழுக்கவியல் வினா எழுகின்றது. நீதி ஒரு கட்சியின் சொத்தாகுமா? சொத்தாயின், உடையவர் அதனை விற்கவும் கூடும். அதனோடு போட்டியிடுவோர் அதனை வெறுக்கவும் கூடும். ‘அது அவர்களின் பிரச்சினை’ என்று ஏனையோர் விலகிக்கொள்வர். 1987 இல், பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. அப்போது சனாதிபதியாக இருந்தவர் ஜயவர்த்தனாவே. 1944 இல் ஏற்றுக்கொண்ட ஒன்றை மீண்டும் ஏற்க 43 ஆண்டுகள் சென்றன. இடையிற் சிந்திய குருதிக்கு எக்கட்சி உரிமை கோரும்?

கட்சிகளைக் குறைகூறுதல் எளிது. ஆயின் நம் மனச்சான்றை ஒரு சின்னத்தின் கீழ் ஒப்படைத்துவிட்டு உறங்குபவர் நாமே. வழக்கறிஞரை அமர்த்தியவன் வழக்கை மறந்துவிடலாகாது. கட்சி கொள்கையின் காவலாளாக இருக்கலாம், உரியவர் மக்களே. எவர் கூறினும் நீதி நீதியே என ஏற்கும் துணிவு நம்மிடம் இல்லாதவரை, கொள்கைகள் கட்சிகளின் கையிற் பகடைகளாகவே உருளும்.