கெட்டி என்று பேர் வாங்கியவை

ஓசூருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. சென்னைத் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இருந்தும் போன கார்த்திகையில் சிப்காட்டை ஒட்டிய எங்கள் பைபர் கொட்டகையில் பழைய பாய்மரப் படகு ஒன்று வந்து இறங்கியது. பெங்களூர்க்காரர் ஒருவர் சென்னையில் வாங்கி, ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் இங்கே நிறுத்தினார். நிறுத்தியதில் நியாயம் உண்டு. தண்ணீர்த் தொட்டி, புளோயர் மூடி, பஸ்ஸின் முன்பக்கப் பேனல் என்று கண்ணாடியிழை மேட்டையும் ரெசினையும் வைத்துப் பிழைக்கும் கைகள் இந்த ஊரில் நிறைய.

படகின் மேல்தளம் வெளுத்து, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. "நல்லா வெள்ளை அடிச்சுக் குடுத்துடுங்கண்ணா, போதும்" என்றார் படகுக்காரர். மேஸ்திரி பதில் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். பல இடங்களில் டக் டக்கென்று கணீர் ஓசை. பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றியும், கயிறு கட்டும் கொக்கிகளின் ஓரத்திலும் தொப்பென்று அமுங்கிய சத்தம். அந்த இடங்களை மார்க்கரால் வட்டமிட்டார். "இதை மூடி பெயின்ட் அடிச்சா ஒரு மழை தாங்கும் சார்" என்றார்.

பழைய படகுகள் பலவற்றின் தளம் அடுக்காகச் செய்தது. மேலும் கீழும் மெல்லிய பைபர் தோல், நடுவே பால்சா என்னும் எடை குறைந்த மரம். பைபர் மக்குவதில்லை, 1960களில் செய்த பைபர் படகுகள் இன்றும் மிதக்கின்றன. மக்குவது நடுவிலிருக்கும் மரம். யாரோ ஒருநாள் கொக்கி மாட்ட ஓட்டை போட்டு, ஓரத்தை அடைக்காமல் திருகாணியை முடுக்கியிருப்பார். அந்த ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் நீர் இறங்கியிருக்கிறது. கிரைண்டரால் மேல்தோலை வெட்டித் தூக்கியபோது உள்ளே மரம் ஈரச் சாணியாகக் கிடந்தது. விரலாலேயே வழித்தெடுத்தோம்.

அன்றிலிருந்து ஒரு யோசனை என்னை விடவில்லை. நம் கட்டுமரத்தைக் கரைக்கு ஏற்றியதும் கட்டவிழ்த்து, மரங்களை மணலில் காயவைப்பார்கள். ஒகேனக்கல் பரிசலுக்கு மூங்கில் பின்னலின் அடியில் தார் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கலங்கள் தம்மை அடிக்கடி பார்க்கச் சொல்லி மனிதனைக் கட்டாயப்படுத்தின. பைபர் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை நெடுக பைபர் படகுகள் நிறைந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் வைத்துச் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பும் வசதி உயிர் காக்கும் வசதி. ஆனால் "இது கெட்டி, ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது.

மனிதர்களிடமும் இதையே செய்கிறோம். என் பெரியம்மா ஒரு கூட்டுக் குடும்பத்தையே தோளில் தாங்கியவர். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவர் அவர்தான். அவருக்குச் சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது, கண் மங்கலாகி டாக்டரிடம் போன பிறகே தெரிந்தது. அடிக்கடி நோயில் விழும் தம்பியை வீடே விசாரிக்கும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் அண்ணனை யாரும் விசாரிப்பதில்லை. அவரும் சொல்ல மாட்டார். கெட்டி என்று பேர் வாங்கியவர் அந்தப் பேரைக் காப்பாற்றப் பார்ப்பார்.

ஒருவர் உள்ளே நனைந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அவசரப்படுவது தவறு என்பதைப் படகில்தான் பார்த்தேன். ஈரத்தின் மேல் மேட் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். எங்கள் ஊரோ கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்கழியில் காலை பத்து மணிக்கும் பனி விலகாது. தார்ப்பாய் போட்டு, உள்ளே பல்பு எரியவிட்டுக் காத்திருந்தோம். வெட்டிய ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், தோலின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரித்துத் தேய்த்தார் மேஸ்திரி. புது மேட் பழையதைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு இடம் தேவை. வழக்கமான பாலியஸ்டர் ரெசினை விட்டு எபாக்சிக்குப் போனோம். விலை அதிகம்தான். ஆனால் இறுகிப்போன பழைய பைபரோடு அது இன்னும் உறுதியாக ஒட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது திருகாணி ஓட்டைகளுக்குச் செய்த வைத்தியம். ஓட்டையைப் பெரிதாக்கி, சுற்றியிருக்கும் மரத்தைச் சுரண்டி, அந்தக் குழியை எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் புதிதாகத் துளை போட்டார்கள். இனி ஓரம் கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இந்த வேலை தெரியப்போவதில்லை.

உப்புத்தாளில் 80 நம்பரில் தொடங்கி 320 வரை தேய்த்து, பிரைமர், பிறகு இரண்டு கோட் பி.யூ. பெயின்ட். கால் வைக்கும் இடங்களில் மட்டும் ஈர பெயின்ட்டின் மேல் சலித்த மணலைத் தூவி, அதன் மேல் இன்னொரு கோட். பெயின்ட்டுக்கு ஆன நேரம் மொத்த வேலையில் சொற்பம்.

பழசுக்கு இவ்வளவு செலவா என்று கொட்டகைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். 1980ஐ ஒட்டி பெரிய வாகன ஆலைகள் வந்ததிலிருந்து புதிதாகச் செய்வதையே பெருமையாகக் கொண்ட ஊர் இது; அந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் இரும்பையும் அலுமினியத்தையும் எடைபோட்டு வாங்கும் காயலாங்கடைக்காரர் பைபரைத் தொடமாட்டார். ஒருமுறை இறுகிய ரெசின் மறுபடி உருகாது. தூக்கிப்போட்டால் அது போட்ட இடத்திலேயே நம் பேரன் காலம் வரை கிடக்கும். எங்கள் கொட்டகைக்குப் பின்னாலும் உடைந்த தொட்டிகளின் குவியல் ஒன்று உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. மோல்டில் புதுசு அடித்தால் பீஸ் கணக்கில் நல்ல கூலி. ஒட்டு வேலை என்றால் எடுபிடி வேலைக்குக் கொடுப்பதைப் போல எதையோ கொடுப்பார்கள். தட்டிக் கேட்டு, எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் மூளைக்கு அதில் கணக்கே இல்லை. படகுக்காரர் நாள் கூலியாக, புது வேலைக்கு மேலேயே கொடுத்தார். இப்போது பின்னாலிருக்கும் குவியலிலிருந்து ஒட்ட முடிந்த தொட்டிகளைப் பிரித்து எடுத்திருக்கிறோம். அவற்றுக்கும் அதே கூலி என்று மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது.