ஏச்சினால் புள்ளி கூடுமா?



"பிள்ளையைப் புகழ்ந்தேன், அடுத்த பரீட்சையில் புள்ளி குறைந்தது. ஏசினேன், கூடியது. ஆகவே ஏச்சுத்தான் மருந்து." இப்படி எம்மிற் பலர் சொல்வதுண்டு. நானும் சொன்னவன்தான்.

புள்ளிவிபரவியலில் "சராசரியை நோக்கித் திரும்புதல்" என்றொரு கருத்து உண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தை, வளர்ந்துவிட்ட அவர்களது 928 பிள்ளைகளின் உயரத்தோடு ஒப்பிட்டு 1886 இல் இதனை விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக அவர்களளவு உயரமில்லை. மிகக் குள்ளமானோரின் பிள்ளைகள் அவர்களளவு குள்ளமுமில்லை.

பரீட்சையும் அப்படியே. புள்ளியில் திறமையோடு அன்றைய நித்திரையும் வந்த கேள்விகளும் கலந்திருக்கின்றன. வழமையாக 70 எடுக்கும் பிள்ளை ஒருநாள் 90 எடுத்தால், அடுத்தமுறை பெரும்பாலும் இறங்கும். 50 எடுத்தால் பெரும்பாலும் ஏறும். நாம் புகழ்வது 90 இன் பின், ஏசுவது 50 இன் பின். வாய் திறக்காதிருந்தாலும் அதுவே நடந்திருக்கும். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களும் இதே மயக்கத்தில் இருந்ததை உளவியலாளர் டானியல் கானமன் கண்டு சொன்னார். அவர் 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஏச்சின் பலன் வெறுந்தோற்றம் என்றால், அதற்குப் பிள்ளை கொடுக்கும் விலை என்ன?

மனம் பற்றிய தத்துவத்தில் அமெரிக்கரான தோமஸ் நேகல் 1974 இல் ஒரு கேள்வி எழுப்பினார்: வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும்? அது எதிரொலியால் வழியறியும் விதத்தை விஞ்ஞானம் எவ்வளவு விளக்கினாலும், அதன் உள்ளனுபவம் எமக்கு எட்டாது என்பது அவர் வாதம். வெளியே அளப்பது வேறு, உள்ளே உணர்வது வேறு.

ஒருமுறை என் மகளைக் கடுமையாக ஏசினேன். அடுத்த தவணை நல்ல புள்ளி எடுத்தாள். வென்றுவிட்டதாக நினைத்தேன். பல வருடங்களின் பின் சொன்னாள்: "அப்பா, அன்றைக்குப் பிறகுதான் விளங்காததை உங்களிடம் கேட்பதை விட்டேன்." அது எந்தப் புள்ளி அறிக்கையிலும் பதிவாகவில்லை.

கண்டிக்கவே கூடாது என்பதல்ல. பிழையைத் திருத்துவது பெற்றோர் கடமை. ஆனால் ஒரு புள்ளியைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். வௌவாலிடம் கேட்க முடியாது. பிள்ளையிடம் கேட்கலாம். அடுத்த அறிக்கை வீட்டுக்கு வரும்போது, முதலில் கேட்போமாக.